மூன்றாவது ஓலை

1908 பிப்ரவரி 29, சனி

தையல் வகுப்பில் இன்று ஊசி ஓடவில்லை, பேச்சுதான் ஓடியது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற இந்தத் தேதியில், எங்கள் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவின் ஊரில் பெண்ணே போய் ஆணிடம் "என்னைக் கட்டிக்கொள்கிறாயா" என்று கேட்கலாமாம். அவன் மாட்டேன் என்றால் பட்டில் ஓர் உடுப்பு வாங்கித் தர வேண்டுமாம். போர்டிங் பிள்ளைகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். கல்யாண மோதிரத்தை இடக்கை நாலாம் விரலில் போடுவது ஏன் என்றும் மிஸ்ஸியம்மா சொன்னார்கள். அந்த விரலிலிருந்து ஒரு நரம்பு நேரே இருதயத்துக்குப் போகிறதென்று முன்காலத்தில் நம்பினார்களாம்.

"உங்கள் பக்கத்தில் என்ன உண்டு, இன்பமணி?" என்று என்னைக் கேட்டார்கள். அத்தானும் கொழுந்தியாளும் கேலி பேசுவது உண்டு என்றேன். அக்காள் புருஷன் 'நீயும் எனக்குத்தான்' என்பான், இவள் 'சரி, சங்கிலி எங்கே' என்பாள், வீடே சிரிக்கும்.

"அக்காளும் சிரிப்பாளா?"

கிரேஸ் அக்காள் சிரிப்பாள். எல்லாரையும்விட அதிகமாக.

மார்ச் 8, ஞாயிறு

அக்காள் ஞாபகமாகவே இருக்கிறது. கூடப் பிறந்தவளில்லை, பெரியப்பா மகள். பெரியப்பாவும் பெரியம்மாவும் காலராவில் போனபின் எங்கள் வீட்டில் வளர்ந்தாள். ஒரே பாயில் படுத்தோம். கங்கைகொண்டானில் பருத்தி வியாபாரம் செய்கிற பாக்கியசீலன் பெண் பார்க்க வந்த அன்றே அவர்மேல் பித்தாகிவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "கோவம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாதுட்டி. கோவம் போயிட்டா தங்கம்" என்றாள். இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

மார்ச் 17, செவ்வாய்

அக்காள் போய்விட்டாள். காலையில் ஆள் வந்தான். வண்டி கட்டுகிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

எழுதினால்தான் ஆறும் போலிருக்கிறது. ஆறாது.

கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அத்தான் சொன்னார். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அம்மாவும்தான் குளிப்பாட்டினோம். பின்மண்டையில் காயம் இருந்தது. சரி, விழுந்ததில் பட்டது. முதுகில் இருந்தவை? சில கறுப்பு, சில நீலம், சில மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தன. ஒரே நாளில் விழுந்தவளுக்கு மூன்று நிறமா? இடக்கை மோதிர விரல் கோணியிருந்தது. எப்போதோ ஒடிந்து, கட்டுப் போடாமல் தானே கூடியிருக்கிறது.

"அம்மா, பாருங்க."

அம்மா பார்த்தாள். பிறகு துணியை இழுத்து மூடினாள். "பேசாத. பொம்பளப் பிள்ள உடம்பு அது. வெளிய பேசுத காரியமா?"

ஏப்ரல் 19, ஈஸ்டர்

உயிர்த்தெழுந்தார் என்று பாடினோம். நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஜூன் 15, திங்கள்

அத்தான் வெள்ளை உடுப்பில் வந்து அப்பாவிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். போனபின் அம்மா அடுக்களைக்குள் வந்தாள்.

"உன்னயக் கேக்காவ. அப்பா சரின்னுட்டாவ. சொந்தம் விட்டுப் போவக்கூடாதுல்லா."

"நீங்க பாத்தீங்கள்லா அம்மா? உங்க கையாலதான குளிப்பாட்டினீங்க?"

அம்மா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். "நீதான சங்கிலி எங்கன்னு கேப்ப. ஊரே கேட்டிருக்கு. இப்ப மாட்டேன்னா யாரு நம்புவா?"

விளையாட்டுக்குச் சொன்னது. எல்லாரும்தானே சொல்கிறார்கள்!

ஜூன் 30, செவ்வாய்

செத்த மனைவியின் கூடப் பிறந்த சகோதரி என்றால் சபைச் சட்டம் தடுக்குமாம். பெரியப்பா மகள் என்பதால் தடையில்லையாம். குருவானவர் என்னைச் சம்மதமா என்று கேட்டார். அப்பா பக்கத்திலேயே நின்றார். நான் தரையைப் பார்த்தேன். "வெட்கம்" என்று சிரித்துவிட்டார்கள்.

ஜூலை 12, ஞாயிறு

மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தார்கள். ஞானசிகாமணி குமாரத்தி இன்பமணிக்கும் கங்கைகொண்டான் பாக்கியசீலனுக்கும் விவாகம் நிச்சயம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று. கோயிலில் விசிறி ஓசைதான் கேட்டது.

ஜூலை 19, ஞாயிறு

இரண்டாவது ஓலை. யாராவது எழுந்திருப்பார்கள் என்று காத்திருந்தேன். யார் எழுந்திருப்பார்கள்? தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 26, ஞாயிறு

எழுத்து கோணுகிறது — பரவாயில்லை.

மூன்றாவது ஓலை. "இவர்கள் விவாகத்துக்குத் தடை யாராவது அறிந்திருந்தால்" என்றதும் எழுந்துவிட்டேன். கல்யாணப் பெண்ணே எழுந்ததில் குருவானவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உட்காரம்மா என்று கையைக் காட்டினார்.

"தடை இருக்கு. நான் சொல்லுதேன். எங்க அக்கா விழுந்து சாவல. அவ உடம்ப நான் குளிப்பாட்டினேன். முதுகெல்லாம் அடி. பழைய அடி, புது அடி. விரல ஒடிச்சிருக்கு. அம்மாவும் பாத்தாவ. கேளுங்க."

எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதுவே போதுமாயிருந்தது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூலை 28, செவ்வாய்

கல்யாணம் நின்றது. அத்தானை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடக்கமாகி நாலு மாதமான பிறகு எதைக் காட்டுவது என்கிறார்களாம். கேட்பதெல்லாம் என்னைத்தான் — பெண் பிள்ளை கோயிலில் வாய் திறக்கலாமா, அவளுக்கு வேறு யார்மேல் நோட்டம்?

அப்பா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்தால் நான் அந்தப் பக்கம் போனபின் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 31, திங்கள்

திசையன்விளைக்குப் பக்கத்தில் செம்மணல் தேரிக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்துவிட்டேன். மிஸ்ஸியம்மா ஏற்பாடு. செம்மண் காற்றில் சோறெல்லாம் நறநறவென்கிறது. வழியனுப்ப அம்மா மட்டும் வந்தாள். வண்டி நகர்ந்தபின் என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை.

நவம்பர் 4, புதன்

பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மாள் விசாரித்துக்கொண்டு வந்தாள். பனையேறியின் விதவை. அவள் மகள் ஞானப்பூவை ஒருவர் கேட்கிறாராம், கங்கைகொண்டான் பருத்தி வியாபாரி. "நீங்க அவியளுக்குச் சொந்தம்னு சொன்னாவ. ஆளு எப்படி டீச்சர்?"

ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு பைய கேட்டாள்: "எப்பவாச்சும் அடிப்பாவளா, இல்ல எப்பவுமேயா?"

எப்பவாவது என்றால் மகளைக் கொடுத்துவிடுவாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

"எப்பவுமே" என்றேன்.

நவம்பர் 21, சனி

அந்த அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். மகளின் அண்ணன்மார் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்களாம். "ஊருல இருந்தா கெட்டிக் குடுத்துருவாவ. இங்கன பிள்ளையளுக்குத் தண்ணியாச்சும் எடுத்துக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மகள் முகத்தைப் பார்க்காமலே திரும்பி நடந்தாள்.

ஞானப்பூவுக்குப் பதினாறு இருக்கும். சாப்பிட மாட்டேன் என்கிறாள். சாயங்காலமெல்லாம் சுவரைப் பார்த்து அழுதாள். மாப்பிள்ளையைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்திருக்கிறாளாம். சிரித்தாராம்.

"உங்களுக்குக் கிடைக்கலன்னுதான கெடுத்தீங்க?" என்றாள்.

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். சட்டையைக் கழற்றிக் குளிக்க உட்கார்ந்தாள். முதுகு தேய்த்துவிட்டேன். ஒரு கீறல்கூட இல்லை.