கரமனை ஆற்று வைரஸ்

கரமனை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள அஜிதா,

மூன்று வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்குமுன் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிடு.

ஆற்றுத் தண்ணீரில் நீ கண்டுபிடித்த ஆர்.என்.ஏ. வைரஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என் சோதனைத் தட்டில் படர்ந்திருந்த பாக்டீரியாவில், அது அழித்த வட்டங்களைக் கண்ணால் பார்த்தேன்.

போன வாரம் பாக்டீரியா வளர்க்கும் சூட்டுப்பெட்டியான எங்கள் பழைய இன்குபேட்டரைப் பழுதுபார்க்க ஜெபசிங் என்ற மெக்கானிக் வந்தார். "மேடம், வெளிய மீட்டர்ல முப்பத்தேழுன்னு காட்டுது. உள்ள ஏசி ரூம் சூடுதான், இருபத்தஞ்சு டிகிரி கேட்டோ. கொறே வருஷமாச்சு போல, நாலஞ்சு இருக்கும்" என்றார். அந்தச் சூட்டிலும் பாக்டீரியா வளரும். ஆனால் வைரஸ் பற்றிக்கொள்ளும் நுண்ணிய இழைகள் அதில் முளைக்காது. நீ வேறு பெட்டியில் வளர்த்தாய். அன்று உன் சோதனையைச் சரிபார்த்த நான் இதில் வளர்த்தேன். "வைரஸ் இல்லை" என்ற அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து. பெட்டி சரியானதும் அதே சோதனையைத் திரும்பச் செய்தேன்; அதுதான் வெள்ளிக்கிழமைத் தட்டு.

"நான் கள்ளம் சொல்லலைடி" என்று, அந்த அறிக்கைக்குப் பிறகு வராந்தாவில் நீ சொன்னபோது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அன்று எனக்கு எந்த பஸ்ஸும் இல்லை.

நேற்று பேராசிரியரிடம் தட்டைக் காட்டி, என் அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். அவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அஜிதாவோட தீசிஸைத் தடுக்க இனி ஒண்ணுமில்லை. யூனிவர்சிட்டிக்கு நானே எழுதறேன்" என்றார். வெளியே வந்ததும் மூச்சு சீராக வந்தது. அந்த நிம்மதி முதலில் உனக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்று வெட்கமாகவும் இருந்தது.

தட்டைப் பத்திரமாகக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். மூடியில் உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரி