லாரிகள் நிற்காத சாவடி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே இருவருக்கும் எப்போதும் நினைப்பு. போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

எல்லைச் சாவடி அடியோடு மாறிவிட்டது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் இப்போது ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே சோதனை, ஒரே முத்திரை. நாள்கணக்கில் வரிசையில் நின்ற லாரிகள் இப்போது நம் சாப்பாட்டுக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறக்கின்றன. தக்காளி அழுகாமல் போய்ச் சேருகிறது; நான் வடித்த சோறுதான் மீந்துபோகிறது. அப்பா கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார்.

மீசைக்கார டிரைவர் மட்டும் பழைய பாசத்தில் வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். போன வாரம் எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் தெருவில் சரக்கு இறக்கியபோது உன்னைப் பார்த்தாராம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, பொண்ணு ரொம்ப இளைச்சுப் போச்சு. கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுது. ஆனா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே சொல்லுது" என்றார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் சாவடிக்குப் போய், அங்கிருந்த பெண் அதிகாரியிடம் விசாரித்தேன். பெண்கள் இந்தப் பக்கம் வர முன்பு கேட்பார்களே கணவர் கையெழுத்து, அது இன்னும் வேண்டுமா என்றேன். "அதெல்லாம் எடுத்தாச்சும்மா. அவங்க அட்டை, அவங்க முகம், அவ்வளவுதான்" என்றார். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று மறுபடி கேட்டேன். சலிக்காமல் சொன்னார். கல்யாணத்துக்கு முன் எடுத்த உன் அடையாள அட்டை பீரோவில் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். மீசைக்காரர் உன் கையிலேயே கொடுப்பார்.

உன் அறையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளை அப்பா வெளியே எடுத்துப் போட்டு, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்.

வா, கண்ணே. என்ன சொல்லிவிட்டு வருவது என்று குழம்பாதே. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல். எனக்கு ஒன்றுமில்லை, நீ பயந்துவிடாதே. என்றைக்குத் திரும்பிப் போகிறாய் என்று இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேட்க மாட்டோம்.

வழி பார்த்திருக்கும்
அம்மா