விழாத ட்ரிப் சுவிட்ச்

கொழும்பு,
2025 ஜூன் 4

அன்புள்ள மச்சான் றுஸ்திக்கு,

நான் நலம். உன் மனைவி ஸாதியாவும் நீயும் சுகமாயிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதிலை அழித்துவிடலாம். அதனால்தான் தபாலில் கேட்கிறேன்.

மாங்கேணியில் நாம் இருவரும் போட்ட சோலார் மின்வலையின் பதிவுகள் தினமும் என் லப்டொப்புக்கு வருகின்றன. மீன்வாடி லைனில், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அணைக்கிற ட்ரிப் சுவிட்ச் ஒவ்வொரு பின்னேரமும் விழுந்தது. மே பதினொன்றுக்குப் பிறகு ஒருநாள்கூட விழவில்லை. தானாகச் சுகமாகிற கசிவு உலகத்தில் இல்லை. சுவிட்சைச் சுற்றி யாரோ நேரே வயர் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்ச் இருக்கிற பெட்டியின் சாவி உன்னிடம் மட்டும்தான்.

அந்த வாடி, ஈரத் தரையில் பெண்கள் நின்று மீன் வேலை செய்கிற கொட்டகை. ஆள் சாகாமல் காப்பது அந்தச் சுவிட்ச்தான். கை வைத்தாயா? ஓம், இல்லை என்று எழுது.

நிதுர்ஷன்


ஓட்டமாவடி,
ஜூன் 9

மச்சான்,

தபால்காரர் கடிதம் தந்ததும், "நிதுர்ஷனுக்குக் கலியாணமாக்கும்" என்று ஸாதியா சிரித்தாள். வாசித்துவிட்டு மடித்து வைத்தேன்.

இல்லை. டெஸ்ட் பொத்தானை மூன்றுதரம் அழுத்தினேன். மூன்றுதரமும் சுவிட்ச் விழுந்து வாடி முழுக்க லைட் அணைந்தது. சுற்றி வயர் கொடுத்திருந்தால் அணையுமா? நீதானே எனக்கும் படிப்பித்தாய்.

நம்பாவிட்டால் வந்து பார். பஸ் ஓடுகிறதுதானே.

உன் றுஸ்தி


கொழும்பு,
ஜூன் 14

றுஸ்தி,

நீ பொத்தானை அழுத்தும்போது யார் பார்த்தது? வருவதற்கு எனக்கு லீவு இல்லை. நான் வேறு வழியில் பார்த்துக்கொள்கிறேன்.

நிதுர்ஷன்


ஓட்டமாவடி,
ஜூன் 20

எஞ்சினியர் ஐயா அவர்களுக்கு,

பெட்டிப் பூட்டு உடைந்து கிடந்தது. மீனவர் சங்கத்துச் சிறில் அண்ணன் தலையைச் சொறிந்தார். "கொழும்புத் தம்பிதான் உடைச்சுப் படம் எடுக்கச் சொன்னவர். உனக்குச் சொல்ல வேணாமெண்டும் சொன்னவர்."

படத்தில் குற்றம் ஏதும் இருந்ததா?

மானம் போன கோபத்தில் வாடியிலுள்ள ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்தேன். ஃப்ரீசரின் பச்சை ஏர்த் வயர் வெட்டப்பட்டிருந்தது. வாடியில் வேலை செய்கிற மார்கிறட் அக்கா ஒளிக்கவேயில்லை:

"நான்தான் வெட்டினன். திறப்பு விழாவில அந்தக் கொழும்புத் தம்பிதானே சொன்னவர், பச்சையில கரண்ட் வராது, பயப்படாதீங்க எண்டு. கரண்ட் வராத வயர் என்னத்துக்கு? வெட்டின நாளில இருந்து லைட்டும் நிக்கல்ல, மீனும் பழுதாகல்ல. தொட்டாக் கை கொஞ்சம் விறைக்குது, அதால செருப்போட நிண்டுதான் திறக்கிறம்."

கசிவு இறங்க வழியில்லாமல் ஃப்ரீசரின் உடம்பிலேயே நின்றிருக்கிறது. வெறுங்காலோடு யாரும் தொடாதது ஆண்டவன் காவல்.

வயரைத் திரும்பப் பூட்டினேன். உடனே சுவிட்ச் விழுந்தது. உன் பதிவில் காலை 10.20 என்று இருக்கும், அதையாவது நம்பு. ஃப்ரீசரை ஒதுக்கிவிட்டேன்.

புதுப் பூட்டுப் போட்டேன். அதன் இரண்டு சாவியும் இதற்குள் இருக்கின்றன. இனி வேறு ஆளைப் பார்.

எம். றுஸ்தி


கொழும்பு,
ஜூன் 26

மச்சான்,

10.20க்கு விழுந்ததைப் பார்த்தேன். படத்திலும் குற்றமில்லை. அது வந்த அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வேறு பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

பச்சை வயரைப் பற்றிச் சொன்னதும் நான்தான். பழுது வந்தால் கரண்ட் அதில்தான் இறங்கும் என்ற மிச்சத்தைச் சொல்லவில்லை. அன்று விழா முடியுமுன்னே பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். மார்கிறட் அக்காவிடம் நானே வந்து சொல்கிறேன். லீவு போட்டுவிட்டேன்.

இரண்டு சாவியையும் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு ஒரு சாவியும் வேண்டாம்.

பதில் போடு. வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி.

நிதுர்ஷன்