ஒரு பிடி மண்

மருமகளுக்கு,

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ குவைத்துக்குப் போனதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மண்சரிவில் போன மாரியம்மன் கோயிலுக்குப் புது இடத்தில் நேற்று அடிக்கல் வைத்தார்கள். நமக்கு வீடுகள் பிறகுதானாம். "பக்திதாங்க அஸ்திவாரம். அதுல நின்னாத்தான் நம்ம புள்ளைங்க தலையெடுக்கும்" என்று தேயிலைத் தோட்டத் தலைவர் சிவனு பேசினார். மண்ணுக்குள் உன் புருஷனைத் தேடியது போதும் என்று, சரிவு நடந்த ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

பழைய கோயில் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து குழியில் போட்டால்தான் அம்மன் புது இடத்துக்கு வருவாள். மூத்தவள் என்று என்னை அனுப்பினார்கள். நான் கோயில் மேட்டில் நிற்கவில்லை. நம் லயத்து வீடுகள் வரிசையோடு புதைந்த பக்கம் இறங்கி, நம் வாசல் இருந்த இடத்தில் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டேன்.

"கோயில் மண்ணுதானே பெரியம்மா?" என்றார் சிவனு.

"கோயில் இருந்த எடம் எனக்குத் தெரியாதாக்கும்" என்றேன்.

அந்த மண்ணைத்தான் குழியில் போட்டு, மேலே கல்லை வைத்தார்கள். சிவனு விழுந்து கும்பிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. காலில் அட்டை கடித்திருந்ததைக்கூட, இப்போது தங்கியிருக்கும் கூடாரத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

நீ வந்தால் சரிவுக்குப் போய்த் தேடாதே. நேரே கோயிலுக்கு வா.

உன் புருஷனைப் பெற்றவள்