ஞாயிற்றுக்கிழமை வரும் அம்பு

மாசாய், ஜொகூர்
8.10.2025, புதன்கிழமை

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு,

அம்மா தனலெட்சுமி எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் ஷாமளாவும் பேத்தி லோஷினியும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம்தான். கம்ப்யூட்டர் ஒன்றுக்குத்தான் நாள் குறித்தாகிவிட்டது.

ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் நீ பாதியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டுக் கனகராஜ் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி உங்கள் பக்கம் வேலைக்கு வருகிறான் அல்லவா, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபால்காரரை விட அவன் வேகமானவன்.

என் முழங்கால் வலி பரவாயில்லை. வாசல் முருங்கை நன்றாகக் காய்க்கிறது, ஆனால் பறித்துச் சாம்பார் வைத்தால் இரண்டு பேருக்கு எத்தனை நாள்தான் சாப்பிடுவது? கனகராஜ் வீட்டுக்கே பாதி போகிறது. நீ அனுப்பிய புது லேப்டாப் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போனில் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது. பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் பத்துக்கு இந்த மாதம் பதினான்காம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். அதற்குப் பிறகு அது பூட்டு இல்லாத வீடு மாதிரி, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், பேங்க் வேலை எதையும் அதில் பார்க்காதீர்கள் என்றாய். பதினொன்றைப் போட்டால் தாங்காது, அதற்கு வயதாகிவிட்டது என்றாய். என் முழங்கால் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் சரி. கடைசியில் ஒன்று சொன்னாயே, புது லேப்டாப் எல்லாவற்றையும் தானாகவே பார்த்துக்கொள்ளும், இனிமேல் நான் உள்ளே வர வேண்டிய வேலையே இருக்காது என்று. அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது, ரூபன். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் இந்த வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், ஆறாம் படிவம். பாசிர் கூடாங்கில் எண்ணெய் ஆலையில் ஷிப்டு முடித்துவிட்டு, யூனிபார்மோடு உன்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார் அப்பா. வந்ததும் அதற்குத் துணியில் உறை தைக்கச் சொன்னார். என் பழைய பூப்போட்ட சேலையில் தைத்துக் கொடுத்தேன். உன் நண்பர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று நீ அழாத குறை. அப்புறம் ஒரு நாள் நீ இந்த விண்டோஸ் பத்தை ஏற்றினாயே, அந்தக் கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று திரையில் எழுதியிருந்தது. வேலையிலிருந்து வந்த உன் அப்பா அதைப் படித்துவிட்டு, கரண்டு டிரிப் ஆகிவிடும் என்று என்னைத் துணி தேய்க்க விடவில்லை, சோறு வைக்கவும் விடவில்லை. சுவிட்சுப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நாம் மூன்று பேரும் ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிட்டோம். நம் வீடு அவ்வளவு கலகலப்பாக இருந்தது, ராசா. அந்த நாள் எனக்கு ரொம்பத் தேடுகிறது.

நீ வேலைக்கு அக்கரை போன பிறகு, அங்கிருந்தே இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து ரிப்பேர் பார்க்க ஒரு வழி வைத்துவிட்டுப் போனாய். முதல் தடவை திரையில் அந்த மவுஸ் அம்பு தானாக நகர்ந்தபோது நான் முருகா என்று கத்திவிட்டேன். அப்புறம் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்பு அசைந்தால் நீ வந்துவிட்டாய் என்று அர்த்தம். கூடவே வீடியோவில் உன் முகமும் லோஷினி முகமும் வரும்.

இப்போது கசப்பான பேச்சுக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நீ சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிக்கொண்டு, மலேசியக் குடிமகன் என்ற உன் நீல அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அப்பாவிடம் சொன்னாய். பிள்ளையின் பள்ளிக்கூடம், வீடு, எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தாய். அதை நான் தப்பு என்று சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் உன் அப்பா பாலோ எஸ்டேட்டில் பிறப்புப் பத்திரம் இல்லாமல் பிறந்தவர். முப்பது வயது வரைக்கும், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினவர். நீல அட்டை கிடைத்த பிறகுதான் எங்கள் கல்யாணத்துக்கே நாள் பார்த்தார். “அதுக்கு நான் எத்தன வாசல்ல நின்னேன், இவன் கவுண்டர்ல வச்சிட்டு வந்துட்டான் லா” என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு வாயை மூடிக்கொண்டார். நீ இரண்டு தடவை போன் செய்தாய், அவர் போனை என் கையில் கொடுத்தார். நீயும் வருவதை நிறுத்திக்கொண்டாய். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. நடுவில் நான் ஒருத்தி.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் அப்பா நாலு மணிக்கே குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பேப்பர் கையில் இருக்கும், கண் அம்பின் மேல் இருக்கும். நீ எதைத் திறக்கிறாய், எதை மூடுகிறாய் என்று ஒன்றும் புரியாது அவருக்கு. இருந்தாலும் நீ முடித்துவிட்டுப் போகும் வரைக்கும் அசையமாட்டார். நடுவாரத்தில் என்னிடம் வந்து, “கம்ப்யூட்டர் ரொம்ப லம்பாட்டா ஓடுது, அவன்கிட்ட சொல்லு” என்பார். நான் தொட்டுப் பார்த்தால் மெதுவாகவெல்லாம் இல்லை, நன்றாகத்தான் ஓடும். நீயும் ஒவ்வொரு தடவையும் என்னிடம், அப்பாவுக்கு இப்போது வேகமாக இருக்கிறதா என்று கேட்பாய். இத்தனை வருடமாக நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதுவும் பதினான்காம் தேதியோடு நின்றுவிடப் போகிறதே என்பதுதான் என் கவலை.

அவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போகும் என்று நீ கேட்பாய். தெரிந்திருக்காது. அதற்குக் காரணமும் அவர்தான். சரஸ்வதி பூஜைக்கு வருடா வருடம் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறார் அல்லவா? அதற்கும் ஒரு நெற்றி வேண்டுமே! திரைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சின்னக் கேமராதான் நெற்றி என்று முடிவு செய்து, நேராக அதன் கண்ணிலேயே அப்பியிருக்கிறார். போன வருடப் பொட்டு, அதற்கு முந்தின இரண்டு வருடப் பொட்டு, எல்லாம் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. எங்கள் படம் மங்கலாக, மஞ்சளாக வருகிறது என்று நீ சொன்னாய், கேமரா பழசு, விடுங்கம்மா என்றும் நீயே சொன்னாய். லோஷினி என்னை மஞ்சப் பாட்டி என்று கூப்பிட்டபோது, நான் மஞ்சள் பூசிக் குளிப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போன வாரம் பூஜைக்காக ஈரத் துணியால் துடைக்கும்போதுதான் உள்ளே கண்ணாடி இருப்பதே தெரிந்தது. அலமாக், இத்தனை நாளும் சாமி கண்ணைக் கட்டியல்லவா வைத்திருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வருடப் பொட்டைத் திரையின் ஓரத்தில்தான் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கே தெரியும். மஞ்சப் பாட்டி வெள்ளையாகிவிட்டார் என்று லோஷினி கைதட்டினாள். அப்புறம், “பாட்டி, பின்னால இருக்கிற அங்கிள் யாரு?” என்று கேட்டாள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அம்பு திரையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. உன் அப்பா எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றார். குழந்தையை நான் குறை சொல்லமாட்டேன். கைக்குழந்தையாக இருந்தபோது அவர் தோளில் தூங்கினது அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? ஆனால் தாத்தா என்ற சொல்லை அவளுக்கு யாரைக் காட்டியும் நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நினைத்து அன்று நான் அழுதேன்.

மறுநாள் அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். லேப்டாப்பைப் பிரித்துப் போட ஆள் கூட்டி வரப் போகிறார் என்று நினைத்தேன். வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார், பழையதைத் தூக்கிப் போட வேண்டியதில்லையாம், பதிந்து வைத்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு அப்டேட் கிடைக்குமாம், கடைக்காரர் சொன்னாராம். “அந்த ஒரு வருஷத்த போட்டுவிடச் சொல்லு அவன” என்றார். கடைக்காரரே போட்டுத் தருவாரே என்றேன். வேண்டாம், அவன்தான் போட வேண்டும் என்றார். சரி, ஒரு வருடம் முடிந்தால் அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அதுக்குள்ள வந்திருவான்ல” என்று சொல்லிவிட்டு முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மூன்று வருடத்தில் அவர் உன்னிடம் கேட்கும் முதல் உதவி இது. உன்னிடம் அப்படியே சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க எனக்குக் கோபம் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக இருக்கிறதே இது. பிள்ளை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், அப்பன் இந்தப் பக்கம் இருக்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு அம்புக்கு ஆயுசை நீட்டித் தரச் சொல்லி நான் தூது போக வேண்டுமா? அவருக்கு அறுபத்தேழு முடிகிறது. போன மாதம் பிரஷர் மாத்திரையை இரண்டாக்கிவிட்டார்கள். நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. ஆகவே அந்த ஒரு வருடத்தை நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ அம்பாக வராதே. நீயே வா. ஷாமளாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வேண்டாம், பாலத்தில் கூட்டம் தாங்காது. பழையதில் இருக்கும் படங்களையெல்லாம் நீயே எடுத்து, புதியதை நீயே பிரித்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடு. எதை எப்படி அழுத்துவது என்று அவருக்குச் சொல்லிக் கொடு. அவருக்கு ஒன்றும் விளங்காது. மறுபடி மறுபடி கேட்பார். நீயும் மறுபடி மறுபடி சொல்லு.

அவர் என்ன சொல்வாரோ என்று தயங்காதே. நேற்று சாயங்காலம் முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்று, நீ வந்தால் பாலத்தில் எந்த வரிசையில் நிற்பாய் என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர் வரிசையில்தான் என்றேன். பழைய கோபம் கிளம்பப் போகிறது என்று நினைத்துக்கொண்டே மாவைச் சலித்தேன். “அந்த வரிச ரொம்ப நீளமால்ல இருக்கும், புள்ளைய வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பான்” என்றார். இதைவிட நேராகப் பேச அவருக்கு வராது, ராசா. வரிசை நீளம் என்பதுதான் இப்போது அவர் கவலை.

அதனால் விடியும்போதே கிளம்பிவிடு. குழந்தைக்குப் பசியாற ஏதாவது கையில் வைத்துக்கொள். அதிக நேரம் ஆனால் பதறாதே, எத்தனை மணி ஆனாலும் அவர் கேட்டைப் பூட்டமாட்டார். நீ நீண்ட ஆயுளோடு, குடும்பத்தோடு நிறைவாக வாழ வேண்டும். எந்த அட்டை உன் கையில் இருந்தாலும் நீ லெட்சுமணன் மகன்தான். வந்துவிடு, ஐயா.

உங்கள் மூவரையும் நேரில் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா
தனலெட்சுமி