திறந்து கிடந்த எண்ணெய்க் கிடங்கு

ஜூன் 4

அன்புள்ள ஜெனரல்,

நலம்தானே? வீட்டில் எல்லோரும் சுகமா? நம் போர் விளையாட்டில் உன் ஒன்பதாவது நகர்வு தபாலில் வந்தது. நீ எழுதிய கட்டங்களில் உன் டாங்கிகளை நானே நகர்த்தி வைத்துவிட்டு, பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் எண்ணெய்க் கிடங்குக்கு ஒரு காவல்கூட இல்லை!

பாலைவனத்தில் எண்ணெய் போனால் போரே போச்சு என்று லிஃப்ட் மெஷின் அறையில் சாப்பாட்டு வேளையில் எனக்குச் சொல்லித்தந்தவனே நீதான். பதினாலு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடுத்திருக்கிறாயா?

கிடங்கைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷம்தான் வரவில்லை. அதுசரி, போன கடிதத்தில் மூன்று இடத்தில் 'மனசைப் போட்டு உழப்பிக்காதே' என்று எழுதியிருக்கிறாயே, எதற்கு?

கோடவுனில் நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளோடு பொழுது போகிறது.

உன்
ஸ்பேனர்


ஜூன் 15

அன்புள்ள ஸ்பேனர்,

சரியான சந்தேகப் பிராணிடா நீ! ஜெயிச்சாலும் முறைக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். கண்ணாடி மாத்தணும், கட்டமெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. மகளுக்குப் பரீட்சை வேற. கவனம் சிதறிடுச்சு, அவ்வளவுதான்.

பத்தாவது நகர்வு: வடக்கே இருக்கிற டாங்கிகள் பின்வாங்குது. பகடை போட்டேன், ஒண்ணுதான் விழுந்தது.

லிஃப்டுல அடிபட்ட அந்தக் காவலாளிக்கு மாசாமாசம் கடிதம் எழுதுறியாமே. போதும்டா, விட்டுடு. தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு.

அன்புடன்
ஜெனரல்


ஜூன் 24

ஜெனரல்,

போன தடவை என் தண்ணீர் லாரிகளை வேண்டுமென்றேதான் உன் டாங்கிகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பச்சைப் பிள்ளைகூட அடித்து நொறுக்கியிருக்கும். நீ பின்வாங்குகிறாய்! ஐந்து கடிதம், ஐந்திலும் பகடை ஒன்று. போட்டாயா, சும்மா எழுதினாயா?

வீட்டில் இவளிடம் சொன்னேன். "அவர் தோக்குறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றாள்.

இன்னொன்று. காவலாளிக்கு நான் எழுதுவது இவளுக்குக்கூடத் தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது? அவர் வீட்டுக்குப் போகிறாயா? பிரேக்கைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான். லிஃப்ட் விழுந்து அவர் கால் நொறுங்கியது என்னால். என்னை இங்கே மாற்றியதும் அதனால்தான். இதில் உனக்கு என்ன வேலை?

ஒளிக்காமல் எழுது.

ஸ்பேனர்


ஜூலை 2

ஸ்பேனர்,

நாலு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு அஞ்சாவதுல எழுதறேன்.

அன்னிக்கு பிரேக் பார்க்கிற முறை என்னுது. மகளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்போ லிஃப்ட் விழுந்து கிடந்தது. பதிவேட்டுல அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு. மேலாளர் படியேறி வர்றதுக்குள்ள உன் கையெழுத்தைப் போட்டேன். பக்கத்துல இருந்து பதினாலு வருஷம் பார்த்த கையெழுத்து, ஒரே இழுப்புல வந்துடுச்சு.

நீ மறுப்பேன்னு நினைச்சேன். நீ பதிவேட்டைப் பார்த்துட்டு, "என் கையெழுத்துதான் சார்"னு தலையைக் குனிஞ்சே. அப்புறம் எனக்கு வாய் வரலை.

காவலாளி வீட்டுக்குப் போனேன். உன் கடிதங்களை எடுத்துக் காட்டினார். அதுக்கப்புறம் உன்னை எதுலயும் ஜெயிக்க எனக்கு மனசு வரலைடா.

என்ன வேணும்னாலும் திட்டு.

ஜெனரல்


ஜூலை 8

எனக்கு எழுதியதை அப்படியே மேலாளருக்கு எழுது. நகல் எனக்கு வரவேண்டும். அதுவரை நகர்வு எதுவும் அனுப்பாதே.

இரண்டு வருஷமாக லிஃப்டில் ஏறாமல் படியில் நடக்கிறேன். என் கையையே நான் நம்பவில்லை. அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன்; பேனா எடுத்த ஞாபகமே வராது. வயசாகிறது, மூளை மழுங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் ஆமாம் ஆமாம் என்றுதானே எழுதினாய்?


ஆகஸ்ட் 11

ஐயா,

நகல் வந்தது. 'வேலை நெருக்கடியில் ஞாபகப் பிசகாக நண்பரின் பெயர் பதிவாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். காலியாக இருந்த கட்டம் எங்கே? மேலாளர் படியேறி வந்தது எங்கே? பள்ளிக்கூடத்துக்குப் போனது எங்கே? மூன்று தடவை படித்தேன். இனி எதிலும் நீங்கள் எழுதியதை அப்படியே நம்ப என்னால் முடியாது.

காவலாளியை நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "நீ எழுதுறதை நிறுத்திடாதேப்பா" என்றார்.

உங்கள் ஜூலை இரண்டாம் தேதிக் கடிதத்தை இன்று காலை மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. அதற்காகத்தான் இந்த நாலு வரி. பதில் வேண்டாம்.

இப்படிக்கு
கண்காணிப்பாளர், கோடவுன் பிரிவு