வளையத்தில் உன் படம்

என் கஸ்தூரிக்கு,

நீ போய் ஆறு மாசம் ஆகிறது. செங்கல்பட்டுக் கடை ஓடுகிறது. வள்ளியைத் தனியாக விட முடியாமல் கூடவே கூட்டி வந்துவிடுகிறேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். நம் மகளுக்குப் பேச்சு வராது என்பது நீ இருந்தவரை எனக்கு உறைத்ததே இல்லை.

அவளுக்குப் படங்கள் வந்த கதை நினைவிருக்கிறதா? தண்ணீர் கேட்கத் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். ஒருநாள் என் ஹார்டுவேர் கடையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாய்: "யோவ், டப்பா மேல ஒரு ஸ்குரூ கட்டி வச்சிகீற. படிக்காதவனும் கைகாட்டி வாங்கிகினு போறான். நம்ம பொண்ணுக்கும் அப்டி வச்சா இன்னா?"

தண்ணீர், சோறு, மாமல்லபுரம் கடல், உன் முகம், என் முகம் எல்லாம் படமாகி ஒரு சாவி வளையத்தில் தொங்கின. தீர்ந்துபோனதற்குக் காலித்தட்டுப் படம். சொல்ல வேண்டியதைக் கழற்றி நம் கையில் வைப்பாள்.

நீ போன பிறகு தினமும் உன் படத்தைக் கொண்டுவந்தாள். பார்த்ததும் எழுந்து போய்விடுவேன். சரக்கு தீர்ந்தால் டப்பா மேலிருக்கும் சாம்பிளைக் கழற்றிவிடுவது என் வழக்கம். கண்ணில் படாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அதே புத்தியில் உன் படத்தையும் கழற்றிக் கல்லாவில் போட்டேன். அதன் பிறகு அவள் வளையத்தையே தொடவில்லை. பழையபடி சுவர்.

போன வாரம் கீல் வாங்க வந்த ஆசாரி சத்தம் போட்டார். "இன்னா மொதலாளி, சாம்பிளயே கழட்டிட்ட? இல்லன்னா இல்லன்னு சொல்லு. வாயத் தெறக்கவே வுடமாட்டியா?"

அவரை நிற்கவைத்துவிட்டுக் கல்லாவைத் திறந்தேன். உன் படத்தை வளையத்தில் மாட்டி வள்ளியிடம் கொடுத்தேன். அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்?

அவள் உன் படத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். இந்த முறை நான் எழுந்து போகவில்லை. அதன் மேல் காலித்தட்டை வைத்தாள்.

இத்தனை நாளும் இதைச் சொல்லத்தான் வந்தாளா, கஸ்தூரி?

அந்த இரண்டு படங்களையும் எடுத்து அவள் கையில் வைத்தேன். எனக்கும் வேறு சொல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடலுக்குப் போனோம். எனக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள் வள்ளி.

உன் படம் இனி வளையத்தை விட்டு இறங்காது. வெளுத்தால் வேறு பிரதி எடுத்து மாட்டுவேன். அவள் எத்தனை முறை நீட்டினாலும் இரண்டாவது படம் வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
'யோவ்' என்று கூப்பிட ஆளில்லாத
உன் புருஷன்